மைக்கைக் கண்டால் குமட்டுகிறவன்

1

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். மாண்ட்ரியாலுக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்து பத்து வருஷம் ஆகிவிட்டதாம். சௌந்தரராஜன் என்ற பெயரை முழுசாக எழுதக் கேக்கில் இடமில்லாமல் முதல் நான்கு ஆங்கில எழுத்தோடு நிறுத்தியிருந்தார்கள். மீதியைப் பத்து வருஷக் குளிர் தின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

“ரெண்டு வார்த்தை பேசுங்கள்” என்றார்கள். பேசினேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் என்ஜினியர் முருகேசன் காகிதத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், உங்களுக்கு மேடைன்னா பயமே கிடையாதா? எனக்கு அடுத்த மாசம் செமினார். இப்பவே வயித்தைக் கலக்குது. ஏதாவது டெக்னிக் இருந்தா சொல்லுங்க சார்.”

“வழி ஒண்ணு இருக்கு முருகேசன். ஆனா அது ரொம்ப அசிங்கமான வழி” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கோமாளி என்று பெயர் எடுத்தவன் பட வேண்டிய பாடு இது. வீடு பற்றி எரிகிறது என்று கத்தினாலும் ஒரு கூட்டம் நின்று ரசித்துவிட்டுத்தான் தண்ணீர் தேடும். அதனால்தான் அவரிடம் சொல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருக்கிறீர்கள், சிரித்தாலும் என் காதில் விழாது.

மேடைக் கூச்சத்தைப் போக்க இங்கே புத்தகங்கள் விற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு யோசனை தவறாமல் வரும்: எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் உள்ளாடையோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. எங்கள் டைரக்டர் ஹார்ட்லியை அப்படிக் கற்பனை செய்து பார்த்தேன். ஆறடி உயரம், நூற்றுப்பத்து கிலோ. பயம் போகவில்லை. இரண்டு நாளைக்குச் சோறுதான் இறங்கவில்லை.

2

அறுபத்தெட்டு அக்டோபர். வந்து ஏழு வாரம். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். மாண்ட்ரியால் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஒரு மண் ஆராய்ச்சி நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டுமே என்று சண்டை. இங்கே வயலை விட்டுத் தண்ணீர் போக வேண்டுமே என்று சண்டை. ஏப்ரலில் பனி உருகி வயலில் தேங்கி நிற்கும். அதை வடிக்க நிலத்துக்கடியில் துளையிட்ட குழாய்களை வரிசை வரிசையாகப் புதைப்பார்கள். எந்த மண்ணுக்கு எத்தனை அடிக்கு ஒரு குழாய் என்று கண்டுபிடிப்பது என் வேலை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் அரை மணி நேரம் செமினார் பேச வேண்டும் என்பது அங்கே விதி. எனக்குக் கொஞ்சமும் கவலையில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான். நம் ஊர்ப் பேச்சுப் போட்டி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நடுவர் கையில் பேச்சின் பிரதி இருக்கும். ஒரு சொல் பிசகினால் அரை மார்க் போச்சு. பேச்சு என்றால் ஒப்பிப்பது என்றுதான் இருபத்தெட்டு வயது வரை நினைத்திருந்தேன்.

பதினெட்டுப் பக்கம் எழுதி மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். நம் ஆட்கள் உட்கார்ந்து மனப்பாடம் செய்து நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டேதான் நமக்கு ஏறும். பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் எங்கள் குடித்தனம். சமையலறை ஃபிரிட்ஜிலிருந்து வாசல் கதவு வரை பதினோரு அடி வைக்கலாம். ஃபிரிட்ஜில் திரும்பினால் ஒரு பத்தி முடியும், கதவில் திரும்பினால் அடுத்தது. கீழ்வீட்டில் வீட்டுக்காரி, கிரேக்கப் பெண்மணி, துடைப்பக் கட்டையால் உத்தரத்தை இடித்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் மேலே ஏறி வந்து என் மனைவி விசாலத்திடம் ரகசியமாகக் கேட்டாளாம்: “உன் புருஷனுக்கு வேலை போய்விட்டதா? பாவம், நடக்கிறானே!”

போகவில்லை. போவதற்கான ஏற்பாடுதான் நடந்துகொண்டிருந்தது.

செமினார் அன்று மேடையில் ஒரு மேஜை, அதில் திருகி வைத்த மைக். “இதைவிட்டு நகராதீர்கள், கேட்காது” என்று ஹார்ட்லி என்னை அதன் முன்னால் நிறுத்திவிட்டுப் போனார். கால் நின்றது. கால் நின்றதும் மூளையும் நின்றது. முதல் பத்தி பழக்க தோஷத்தில் வந்தது. இரண்டாவதற்கு நான் ஃபிரிட்ஜில் திரும்ப வேண்டும். அந்த ஹாலில் ஃபிரிட்ஜ் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்லைடு தலைகீழாக வந்தது. “ஒரு நிமிஷம்” என்றார் ஒருவர். சரி செய்தார்கள். “ம், தொடருங்கள்.”

மனப்பாடக்காரனிடம் சொல்லக் கூடாத சொல் அது. விட்ட இடத்திலிருந்து தொடர எனக்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் வரும். “மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே” என்று ஆங்கிலத்தில் மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி அதே இடத்தில் நின்றேன். மறுபடி தலைவர் அவர்களே. மூன்றாம் முறை பின் வரிசையில் நாலைந்து பேர் என்னோடு சேர்ந்து சொன்னார்கள். கேலியாக இல்லை. குழந்தைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல, அன்பாக. அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நாலாம் முறை ஆரம்பிக்கவில்லை. நேராகக் கழிவறைக்குப் போய்க் காலையில் தின்ற உப்புமாவை வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால் பக்கத்துக் கைகழுவும் தொட்டியின் முன்னால் ஜெஃப்ரி தலை சீவிக்கொண்டிருந்தான். என் வயது, அதே பிரிவு, சினிமா நடிகன் மாதிரி இருப்பான்.

“ரொம்ப சுவாரசியமாக இருந்தது” என்றான், கண்ணாடியைப் பார்த்தபடி.

இந்த நாட்டில் வாந்தி நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டும் இப்படிச் சொல்ல முடியும். அதற்கு நாகரிகம் என்று பேர்.

3

ஹார்ட்லி என்னைப் பேச்சுப் பயிற்சி மன்றம் ஒன்றுக்கு அனுப்பினார். செவ்வாய்தோறும் மாலையில் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் கூடுவார்கள். இன்ஷூரன்ஸ் விற்பவர்கள், கார் விற்பவர்கள், கல்யாணத்தில் பேச வேண்டிய மாமனார்கள். ஈரக் கம்பளிக் கோட்டும் நாள்பட்ட காப்பியும் கலந்த நாற்றம். பேச்சில் “ஆ…” என்று இழுத்தால் மணியடிக்க ஓர் அம்மாள். என் முதல் பேச்சில் அந்த அம்மாளின் கை ஓயவில்லை. தெருவில் ஐஸ் வண்டி வந்திருக்கிறது என்று இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்த்ததாகக்கூடச் சொல்லலாம். நீங்கள் நம்ப வேண்டாம்.

மணிகூடப் பரவாயில்லை. கைதட்டல்தான் தாங்கவில்லை. அங்கே எதற்கும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். எலுமிச்சை ஊறுகாய் போடுவதைப் பற்றி நான் இரண்டு நிமிஷம் உளறினேன். எலுமிச்சையை மறந்து போனேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். “அற்புதம்!” என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை வேர்வையில் நனைந்திருந்தது. அவர் கையைத் தன் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இன்னொரு முறை “அற்புதம்” என்றார். என்னை ஊரில் வாத்தியார்கள் பிரம்பால் அடித்திருக்கிறார்கள். இவ்வளவு கேவலமாக யாரும் நடத்தியதில்லை. ஐந்து வாரத்தில் நின்றுவிட்டேன்.

வீட்டில் இன்னொரு விமர்சகர் இருந்தாள். என் மகள் சுதா. பிற்பாடு ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கொரு தடவை வகுப்பின் முன்னால் நின்று எதையாவது காட்டிப் பேசுவாள். ஒரு நாள் பனிச் சறுக்கில் விழுந்த பல்லைக் காட்டிப் பேசிவிட்டு வந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் பிரெஞ்சில். அந்த முதல் வருஷமே, நான் கூடத்தில் நடந்து ஒப்பிக்கும்போது டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, “அப்பா, யூ மிஸ்ட் எ லைன்” என்பாள். என் களிமண் பேச்சு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து வடிகாலைப் பற்றிப் பேசுவாள், தடங்கலில்லாமல்.

“உங்களுக்குப் பதிலா இவளை அனுப்பிடலாங்க” என்றாள் விசாலம்.

வேறு ஆளை அனுப்புவது என்ற யோசனை அப்போதுதான் என் புத்தியில் விழுந்தது என்று நினைக்கிறேன். பழியை விசாலத்தின் மேல் போடவில்லை. போட்டால் இதைப் படித்துவிட்டு அவளும் ஒரு குறிப்பு எழுதுவாள்.

நான் பேச வேண்டிய முதல் மாநாட்டுக்கு முதல் நாள் ஜெஃப்ரிக்கு போன் செய்து எனக்கு ஜுரம் என்றேன். என் குறிப்புகளையும் ஸ்லைடுகளையும் கொண்டு அவன் பேசினான். கால்சட்டைப் பையில் ஒரு கையை விட்டுக்கொண்டு பேசுவான். நடுவில் ஒரு ஜோக், கடைசியில் ஒரு மௌனம். ஆஹா ஓஹோ என்றார்கள். அடுத்த மாநாட்டுக்கு ஜுரம்கூடத் தேவைப்படவில்லை, வழக்கமாகிவிட்டது. முதல் வருஷம் தலைப்பு ஸ்லைடில் என் பெயர் முதலில், அவன் பெயர் அடுத்து. இரண்டாம் வருஷம் இடம் மாறியது. மூன்றாம் வருஷம் கடைசி ஸ்லைடில் “உதவிக்கு நன்றி” என்ற தலைப்பின் கீழே, டைப்பிஸ்ட்டுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருந்தேன்.

அந்த ஸ்லைடை புரொஜெக்டரில் போட்டவனும் நான்தான். பின் வரிசையில் இருட்டில் உட்கார்ந்து ஸ்லைடு தள்ளுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்.

4

எங்கள் வரைபடப் பிரிவில் செல்வரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். மாண்ட்ரியால் முழுக்க அப்போது தமிழ்க் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். தினமும் அவர் காரில்தான் வேலைக்குப் போவேன். நாற்பது நிமிஷமும் வசவு இலவசம்.

“ஐசே, குழி வெட்டினது நீர். படம் கீறினது நான். கதைக்கிறது அவன். ஏன் ஐசே இப்பிடி?”

“செல்வா, எனக்கு மைக்கைப் பார்த்தா குமட்டுது.”

“ஓம், எனக்கு உம்மைப் பாக்கத்தான் குமட்டுது. காரை நிப்பாட்டட்டோ?”

ஐந்தாம் வருஷக் குளிர்காலம். விவசாயிகளுக்கான வருடாந்தரக் கூட்டம். மூன்று கோடைகளில் தீவுக்கு அக்கரைக் கிராமங்களில் குழி குழியாக வெட்டி நான் கண்டுபிடித்த முடிவு இதுதான்: அங்கே இருக்கும் கெட்டிக் களிமண்ணில் நாற்பது அடிக்கு ஒரு குழாய் வேண்டும், மணற்பாங்கான நிலத்தில் எண்பது அடி போதும். செல்வா அதை ஒரே படத்தில் இரண்டு கோடுகளாக வரைந்திருந்தார். ஜெஃப்ரி மேடையில் நின்று அந்த இரண்டு கோடுகளையும் மாற்றிச் சொன்னான். களிமண்ணுக்கு எண்பது. மணலுக்கு நாற்பது. சொல்லிவிட்டு ஒரு ஜோக் அடித்தான்.

நான் பின்னால் இருட்டில் இருந்தேன். காதில் விழுந்தது. எழுந்து நின்று “தப்பு” என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயிற்றிலிருந்து உப்புமா நினைவு மேலே ஏறியது. அடுத்த ஸ்லைடைத் தள்ளினேன்.

திரும்பும்போது காரில் ஜெஃப்ரியும் இருந்தான். “கோடு மாறிப்போச்சு” என்று மெதுவாகச் சொன்னேன்.

“அப்படியா? யாரும் கவனிக்கவில்லையே!” என்றான். “அச்சடித்த அறிக்கையில் சரியாகத்தானே இருக்கிறது?”

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே வந்திருந்த பிரெஞ்சுக்கார விவசாயிகளில் அதைப் படிக்கக்கூடியவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். எனக்கு அது தெரியும். “ஆமாம், அறிக்கையில் இருக்கிறது” என்றேன். செல்வா கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று அவர் வையவில்லை. வைதிருக்கலாம்.

அந்த வருஷக் கடைசியில் ஹார்ட்லி என்னைக் கூப்பிட்டார். என் இரண்டாவது மூன்று வருஷக் கான்டிராக்ட் அடுத்த ஜூனில் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று ஒரு கமிட்டி மே மாதத்துக்குள் முடிவு செய்யும். என் கோப்பைப் புரட்டினார். ஆறு வருஷத்துக்கு ஆறு படிவங்கள். ‘அளித்த உரைகள்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் நான் ஒரு கோடு போட்டிருந்தேன்.

“நீங்கள் இங்கே என்னதான் செய்கிறீர்கள் சவுன்?” என்று கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல். “கமிட்டி ஜெஃப்ரியின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். உங்களுடையதைக் கேட்டால்?”

ஜெஃப்ரியின் ஆராய்ச்சி! வாயைத் திறந்தேன். “இன்னும் நன்றாக உழைக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விசாலத்திடம் சொன்னபோது அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் வெண்டைக்காய் கிடைப்பதே அதிசயம்; அதைக்கூட நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “அனுப்பிட்டாங்கன்னா?”

“ஊருக்குத்தான்.”

“சுதாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாதுங்க. எந்த ஸ்கூல்ல சேப்பீங்க?” பிறகு மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, “அவன் பேசறதைக் கேட்டுக்கிட்டு அங்கேயே உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கு அருவருப்பா இல்ல?” என்றாள்.

இருந்தது. ஆனால் அருவருப்பைவிடப் பயம் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

5

அடுத்த பிப்ரவரிக் கூட்டம். நிலையத்தின் ஹாலில் கூரை ஒழுகியதால் ஒரு கிராமத்து சர்ச்சின் ஹாலை இரவல் வாங்கியிருந்தார்கள். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. உள்ளே நாற்பது விவசாயிகள், ரப்பர் பூட்ஸ், புகையிலைப் புகை, மாட்டுத் தொழுவத்தின் வாசனை. முன் வரிசையில் பாதிரியாரும் ஹார்ட்லியும். நான் பின்னால் புரொஜெக்டரோடு. செல்வா பக்கத்தில் ஸ்லைடுப் பெட்டியோடு.

ஜெஃப்ரி பாரிஸில் கற்ற பிரெஞ்சில் பேசினான். ஸ்படிகம் மாதிரி பிரெஞ்சு. அந்தப் படம் வந்தது. அவன் கோலை நீட்டி, கை பையில் இருக்க, மறுபடி மாற்றிச் சொன்னான். களிமண்ணுக்கு எண்பது.

போன வருஷம் தவறு. இந்த வருஷம் அதுவே பாடமாகிவிட்டது. அவனும் என்னைப் போலத்தான். ஒரு தடவை வாயில் ஏறியதை அப்படியே ஒப்பிக்கிறான். எனக்கு முன் நாற்காலியில் இருந்த கிழவர் மேல்சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, சிகரெட் பெட்டியின் மேல் 80 என்று எழுதினார். எழுதி அதற்கு ஒரு வட்டம் போட்டார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்த வட்டம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“அடுத்த ஸ்லைடு” என்றான் ஜெஃப்ரி.

நான் தள்ளவில்லை.

“அடுத்த ஸ்லைடு, ப்ளீஸ்.”

“அமத்தும் ஐசே” என்று செல்வா பட்டனைக் காட்டிக் கிசுகிசுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அமத்தாதையும்” என்றார்.

எனக்குக் குமட்டியது. ஆனால் அது மைக்கைப் பார்த்து வந்த குமட்டல் இல்லை. அந்த பட்டன் மேல் இருந்த என் விரலைப் பார்த்து வந்தது. வேர்த்து வழவழவென்று, மண்புழு மாதிரி, தப்பு என்று தெரிந்தும் தள்ளப் பழகிய விரல். இந்த விரல் என்னுடையது என்று நினைத்தபோது, முருகேசன் கேட்ட டெக்னிக், புத்தகத்து உள்ளாடை டெக்னிக்கெல்லாம் எந்த மூலைக்கு!

“இல்லை” என்றேன். சத்தமாக. “அது தப்பு. களிமண்ணுக்கு நாற்பது.”

நாற்பது தலைகள் திரும்பின. இருட்டில் யாருக்கும் என் முகம் தெரியவில்லை. அதனால் அடுத்த வாக்கியமும் வந்தது. என் பிரெஞ்சு வயல் பிரெஞ்சு. இந்த ஊர் விவசாயிகளோடு குழி வெட்டிக் கற்றது. இங்கே கோபம் வந்தால் சர்ச்சின் பூசைப் பாத்திரங்களின் பெயர்களைச் சொல்லித் திட்டுவார்கள். எது இலக்கணம், எது வசவு என்று எனக்கு யாரும் பிரித்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. களிமண்ணில் தண்ணீர் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதை அந்த மொழியில் விளக்கினேன். பாதிரியார் இருமினார். பின்வரிசையில் யாரோ உற்சாகமாகத் தரையைப் பூட்ஸால் இடித்தார்கள்.

அப்போது எந்தப் புண்ணியவானோ விளக்கைப் போட்டுவிட்டான்.

எல்லா முகமும் எனக்கு நேரே. தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். சிகரெட் பெட்டிக் கிழவர்தான் கேட்டார்:

“என் பின்வயல் மேலே மணல், ரெண்டடிக்குக் கீழே களிமண். அதுக்கு எவ்வளவு?”

அது கேள்வி. பேச்சு இல்லை. ஒரு மனிதர் தன் வயலைப் பற்றிக் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியும். “உங்கள் வீட்டுக்குப் பின்னால், ஓடைப் பக்கமா? அங்கே நான் மூன்று குழி வெட்டியிருக்கிறேன். நாற்பதுதான்” என்றேன். அவர் 80-ஐ அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். இன்னொருவர் கேட்டார். இன்னொருவர். ஜெஃப்ரி மேடையில் கோலோடு நின்றுகொண்டிருந்தான். முக்கால் மணி நேரம் ஆனபோதுதான் நான் புரொஜெக்டரை விட்டு நடுக்கூடத்துக்கு வந்து நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் ஜெஃப்ரி என் முதுகில் தட்டினான். “நல்ல டீம் ஒர்க்!” என்றான். சட்டையைக் கழற்றிக் கழுவ வேண்டும்போல இருந்தது.

6

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. என்னைப் பற்றிய நல்ல கதை என்பதாலேயே அதை நம்பாதீர்கள்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோத்தியே என்று பெயர், நாற்பது வயதிருக்கும். கூட்டத்தில் ஒரு கேள்வியும் கேட்காதவர். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்: “போன வருஷம் எண்பது என்றார்கள். இலையுதிர் காலத்தில் போட்டுவிட்டேன். முழு வயலும் களிமண்.”

நான் மாட்டிய கோட்டின் பொத்தானைக் கழற்றினேன்.

“போன வருஷமும் நீங்கள் இருந்தீர்களா?”

“இருந்தேன். இதே பெட்டியைத் தள்ளிக்கொண்டு.”

“அது தப்பு என்று அப்போது தெரியாதா?”

“தெரியும்.”

“பின்னே ஏன் சொல்லவில்லை?”

“பயமாக இருந்தது.”

அவர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்கள், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் வாயில் சாண்ட்விச். “எங்களைப் பார்த்தா?” என்றார்.

“ஆமாம்.”

அவர் சிரிக்கவில்லை. எது சொன்னாலும் சிரிக்கிற இந்த உலகத்தில் அந்த ஒரு மனிதர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். “ஏப்ரலில் வந்து பாருங்கள். பூட்ஸ் கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். காரில் திரும்பும்போது செல்வா பாதி வழியில், “கேட்டனீர் தானே?” என்றார். “ஓம்” என்றேன், அவர் பாஷையிலேயே.

ஏப்ரலில் போனேன். வயல் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். நான்கு காட்டு வாத்துகள் குடும்பமாக நீந்திக்கொண்டிருந்தன. சோளம் விதைக்க வேண்டிய இடம். தேங்கிய தண்ணீருக்கு ஒரு அழுகல் நாற்றம் உண்டு. அதை என் கோட்டிலிருந்து எடுக்க விசாலம் இரண்டு தடவை துவைத்தாள். ஒவ்வொரு இரண்டு குழாய்க்கும் நடுவில் இன்னொன்று போட்டால் நாற்பதாகிவிடும், ஆனால் அதற்குள் அந்த வருஷ விதைப்புக் காலம் போய்விடும். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் செல்வாவின் காரை வாங்கிக்கொண்டு அங்கே போய் அவரோடு குழி வெட்டினேன். அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மே மாதம் கமிட்டியின் கடிதம் வந்தது. நிரந்தரம். விசாலம் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கொடுத்தாள். காரணம் ஒரே வரி: ‘பொதுமக்கள் முன் கருத்துகளை எடுத்துரைப்பதில் காட்டிய சிறப்பான திறனை முன்னிட்டு’. மூன்று கோடைக் குழிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. களிமண்ணைப் பற்றி இல்லை. நாற்பதைப் பற்றி இல்லை. ஆறு வருஷமாக என்னைத் துரத்தப் பார்த்த வாய், இப்போது என்னைக் காப்பாற்றியிருக்கிறதாம். வாயை மட்டும் கொண்டாடுகிற ஊரில் கைக்கு என்ன மரியாதை? எனக்கு அந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டும்போல இருந்தது. கிழிக்கவில்லை. சுதாவுக்கு ஸ்கூல் இருக்கிறது. மடித்து பீரோவில் வைத்தேன். அருவருப்புக்கும் ஒரு எல்லை உண்டு. என்னுடையது மாதச் சம்பளத்துக்கு இந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமையும் கோத்தியேயின் வயலுக்குப் போனேன். பத்து மணி இருக்கும். வாய்க்காலுக்குள் இறங்கிக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தேன். மேலே பேச்சுக்குரல் கேட்டு நிமிர்ந்தால், கரையோரமாக ஏழெட்டுப் பேர். அக்கம்பக்கத்து வயல்காரர்கள். கோத்தியேதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“இவர்தான்” என்றார் அவர்களிடம். “கேளுங்கள். தெரிந்தால் சொல்வார்.” பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்தி, “இப்போது சொல்வார்” என்றார்.

எல்லாரும் கீழே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி வந்தது, பதில் சொன்னேன். அடுத்தது வந்தது, அதற்கும் சொன்னேன். முழங்கால் வரை சேறு. கால் நடுங்கியது யாருக்கும் தெரியவில்லை.